பச்சை டேப் ஒட்டிய குப்பிகள்

பதினொன்று பதினேழு. கதவு சாத்தி ஆறு நிமிஷம் ஆகிறது, உள்ளே அமலி சித்தி நின்றுகொண்டிருக்கிறாளா உட்கார்ந்திருக்கிறாளா தெரியவில்லை, உட்காரச் சொன்னாலும் நாற்காலி நுனியில்தான் உட்காருவாள், பஸ்ஸில்கூட அப்படித்தான், பாதி சீட்டு காலியாகக் கிடக்கும், யாரோ வந்து எழுப்பிவிடப் போகிற மாதிரி. நான் வெளியே, பெஞ்சில். இது கொசு ஆராய்ச்சி நிலையத்தின் முதல் மாடி வராந்தா, எதிரே டாக்டர் வேதாசலம் என்று பலகை மாட்டிய கதவு, கதவை ஒட்டின சுவரில் ஒரு போஸ்டர், மூலையில் செக்யூரிட்டி பாவாடை அண்ணன் மேஜை, மேஜைமேல் இன்டர்காம். பினாயில் வாசனை, அதற்கு அடியில் இன்னொரு வாசனை, ஊறின நாய் பிஸ்கட். கொசுப் புழுவுக்கு நாய் பிஸ்கட்டும் ஈஸ்ட்டும் அரைத்துப் போடுகிறார்கள் என்று சித்தி ஒருநாள் சொல்லப்போக, என் தம்பி துவான் ஒரு வாரம் எந்த பிஸ்கட்டையும் தொடவில்லை, முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவான், நீ தின்னு, நீதான் புழு. சரி, துவான் வேண்டாம், இப்போது துவான் வேண்டாம். உள்ளே போகும்போது சித்தி திரும்பிப் பார்த்து, "உக்காரு. வாய மட்டும் தொறக்காத," என்றாள். எப்போதும் சொல்வதுதான். கோயிலில் பூசைக்கு உட்காரும்போது சொல்வாள், கல்யாணப் பந்தியில் சொல்வாள், துக்க வீட்டில் கையைப் பிடித்து அழுத்திச் சொல்வாள். எஸ்தேல், நான்தான், வாயைத் திறந்தால் யார் குரல் வரும் என்று எஸ்தேலுக்கே தெரியாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பதினேழு வயதுக்குள் நாற்பத்தொரு குரல், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் எங்கள் ஸ்கூல் மதர் குரலில் மைக் பிடித்து, அன்புள்ள மாணவிகளே, என்று ஆரம்பித்து அரை நாள் லீவு விட்டிருக்கிறேன், இரண்டு செக்‌ஷன் கேட்டைத் தாண்டிவிட்டது, ஒருத்தி பஸ் ஏறித் திண்டிவனமே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஜன்னலுக்கடியில் உட்கார்ந்து வஞ்சரம், சங்கரா, நெத்திலீ என்று கூவி எதிர்வீட்டு அம்மாவைப் பாத்திரத்தோடு தெருவுக்கு இறக்கியிருக்கிறேன். எங்கள் பங்குச் சாமியார் குரலில் செய்தது இன்னும் வெளியே தெரியாது, அது தெரியவும் வேண்டாம். செய்வது ஒன்றும் கஷ்டமில்லை. தொண்டைக்குள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் கொடுக்கிற மாதிரி, அவர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இப்போது நாலு நாளாக ஒருத்தரும் வரவில்லை. நாலு நாளாக நான் பேசுவது எல்லாம் ம், சரி, வேணாம். அம்மா நேற்றிலிருந்து என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். ஜுரமாடி. இல்லம்மா. ஜுரம் இருந்தா சொல்லிடணும்டி. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்ல முடியாது, சொன்னதும் எல்லாரும் கொஞ்ச நேரம் கையில் இருக்கிற வேலையை நிறுத்துவோம்.

பதினொன்று இருபது. உள்ளே யாரோ இருமுகிறார்கள், இரண்டு தடவை, முதல் இருமல் நீளம், இரண்டாவது குட்டை. அது டாக்டர் வேதாசலம். அவர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அப்படித்தான், வண்டியைக் கிளப்புகிற மாதிரி, ஹ்ர்ர்ம், ஹ்ம், அப்புறம் கோயம்புத்தூர் தமிழ். ஏனுங் அமலோற்பவம். அந்தக் குரலை நான் எடுத்து ஒரு வருஷம் ஆகிறது, நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு சித்தி எங்களைக் கூட்டிவந்திருந்தாள், அவர் நாற்பது நிமிஷம் பேசினார், நான் ஐந்தாவது நிமிஷத்திலேயே எடுத்துவிட்டேன். வீட்டில் சித்தி காய் நறுக்கிக்கொண்டிருப்பாள், நான் பின்னாலிருந்து, ஹ்ர்ர்ம், ஹ்ம், ஏனுங் அமலோற்பவம், அந்த வெண்டைக்காயை நம்ம முறைப்படி நறுக்கிப்போட்டீங்களா, என்பேன், அவள் திரும்பாமலே விறைப்பாக நின்று, "சரிங்க சார், உத்தரவு சார்," என்பாள். முகத்தில் சிரிப்பே இருக்காது. அதுதான் அவள் ஆட்டம், யார் முதலில் சிரிக்கிறார்களோ அவர்கள் தோற்றார்கள். எப்போதும் நான்தான் தோற்பேன். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போனாள், நான் கொண்டுவந்தேன், பாவாடை அண்ணன் மேஜையில் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார், மேஜைமேல் இந்த இன்டர்காம், அதில் ஒட்டிய தாளில் நம்பர்கள். கொசுவின் செல்களை வளர்க்கிற அறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது, உள்ளே போனவர்களைப் பிடிக்க இன்டர்காம் ஒன்றுதான் வழி. சித்தி அறைக்கு இருநூற்றுப் பதினாலு. ஹ்ர்ர்ம், ஹ்ம். "ஏனுங் அமலோற்பவம், அந்தப் பச்சை டேப் குப்பிங்க இருக்குதுல்லீங்க, அதுக்கெல்லாம் நாளையிலிருந்து டெட்ராசைக்ளின் சேர்த்துப்போடுங்க. ஒரு மூணு வாரத்துக்கு." எதற்காக அதைச் சொன்னேன் என்றால், அதைவிட அபத்தமாக ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. பச்சைக் குப்பியில் எதை உயிரோடு வைத்திருக்கிறார்களோ அதையே கொல்கிற மருந்து அது. தீர்த்தத் தொட்டியில் பினாயில் ஊற்றுங்கள் என்று சாமியார் கோயில்பிள்ளையிடம் சொல்கிற மாதிரி. கேட்ட நொடியில் அவள், போடி கழுதை, என்று கத்துவாள், நான் சிரிப்பேன், டப்பாவை வைத்துவிட்டுப் போவேன். ஆனால் அவள், "சரிங்க சார்," என்றாள். சின்ன இடைவெளி. "உத்தரவு சார்." வைத்துவிட்டாள். ஐயோ, என்ன ஆட்டம் ஆடுகிறாள் பார் என்று நான் இந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தேன், இதோ, இந்த விளிம்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள், குழம்பில் உப்பு பார்க்கச் சொன்னாள். பார்த்துச் சரி என்றேன். யார் முதலில் சிரிக்கிறார்கள் பார்க்கலாம் என்று இருந்தேன். மறுநாளும் இருந்தேன். அப்புறம் மறந்தேவிட்டேன். அவள் வீட்டில் என்னிடம் சொல்வது அவரைக் கிண்டல் செய்து சொன்னது அல்ல, அவரிடம் தினமும் சொல்வதைத்தான் எடுத்துவந்து சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும். எட்டு வருஷமாக அவரிடம் அவள் பேசியதே அந்த நாலு வார்த்தைதானாம். அவரும் எதையும் எழுதிக் கொடுக்கிறவர் இல்லை, வெளியூரில் இருந்தாலும் ஆபரேட்டர் வழியாக போனில்தான் வேலை சொல்வார், இவள் ரிஜிஸ்டரில், சார் போனில் சொன்னபடி, என்று எழுதி நேரத்தைப் போட்டுக் கையெழுத்து வைப்பாள். அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். செவ்வாய், பதினொன்று நாற்பது, சார் போனில் சொன்னபடி. செவ்வாய் பதினொன்று நாற்பதுக்கு டாக்டர் வேதாசலம் டில்லிக்குப் போகிற விமானத்தில் இருந்தாராம். "ஏனுங், வானத்துல இருந்துங்களா பேசினேன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். சித்தி நாலு நாள் முன்னால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் உட்கார்ந்து அம்மாவிடம் அதைச் சொன்னபோது என் வாயில் இடியாப்பம். மாசக் கடைசியில் அவளுடைய கான்ட்ராக்ட் முடிகிறது, பொய் ரிஜிஸ்டர் எழுதினவளுக்கு இன்னொரு வருஷம் யார் கொடுப்பார்கள். இடியாப்பத்தை விழுங்கினேன். விழுங்கினேன் என்பதைத்தான் நாலு நாளாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

பச்சை டேப், மஞ்சள் டேப். உள்ளங்கை அகலத்தில் தட்டையான பிளாஸ்டிக் குப்பிகள், உள்ளே வெளிறின ரோஜா நிறத்தில் தண்ணீர், அந்தத் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கொசுவின் செல்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கும், கொசு இல்லை, சிறகு இல்லை, கொடுக்கு இல்லை, வெறும் செல், ஆனால் உயிரோடு. சித்தி என்னை ஒருமுறை கண்ணாடிக்கு வெளியே நிற்கவைத்துக் காட்டினாள். அவள் வேலை அந்தச் செல்களுக்குச் சோறு போடுவது, நெரிசலானால் பிரித்து வேறு குப்பிக்கு மாற்றுவது. பச்சைக் குப்பி செல்லுக்குள் வோல்பாக்கியா என்று ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. மஞ்சளில் இல்லை, அதே செல்தான், டெட்ராசைக்ளின் கொடுத்துக் கொடுத்துக் குடியைக் கிளப்பிவிட்டது. "குடித்தனக்காரன்டி," என்பாள் சித்தி, "கொசு அம்மாகிட்டேருந்து முட்டைக்குள்ள போய் அப்படியே வம்சம் வம்சமா இருந்துக்கினே இருப்பான். நல்லவனும் இல்ல கெட்டவனும் இல்ல. ஆனா அவன் இருந்தா டெங்கு வைரஸ் உள்ள வந்து ஒண்ணும் பண்ண முடியாது." ஏன் சித்தி? "ஏன்னு முழுசா யாருக்கும் தெரியாதாம். செல்லுக்குள்ள இருக்கற கொழுப்ப இவன் தின்னு தீத்துடுவான்னு சொல்றாங்க. வைரஸ் தன்னத்தானே காப்பி எடுக்கணும்னா கொழுப்பு வேணும், அடுப்பு வேணும், அடுப்பு காலியில்லன்னா எப்படி சமைக்கும். அப்பால செல்லுக்கு எதிர்ப்பு சக்தி கூடிடுதுன்னும் நஃபீசா சொல்லுச்சு." நஃபீசா அக்கா ஆராய்ச்சி மாணவி, குப்பிகளில் வைரஸை விடுவதும் ஏழு நாள் கழித்து எத்தனையாகப் பெருகியிருக்கிறது என்று பார்ப்பதும் அவள். மஞ்சளில் வைரஸ் பொங்கி வழியும். பச்சையில் பட்டினி. துவான் போன பிறகு சித்தியை மூன்று மாதம் வேறு பிரிவுக்கு மாற்றுகிறேன் என்றார்களாம், வேணாம் சார் என்று சொல்லிவிட்டாள். அம்மாவிடம் அவள் சொன்னது நான் கேட்டுக்கொண்டிருந்தேன், இருவரும் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அவன எடுத்துக்கினு போனது அங்கதான் இருக்குக்கா. ஃபிரிட்ஜுல, குட்டி குட்டி டியூபுல. நஃபீசா அத எடுத்துக்கினு போய் பச்சைல உடும். ஏழு நாள் கழிச்சி வந்து, அக்கா, இன்னிக்கும் பெருகலன்னு சொல்லும். அந்த ஒரு வார்த்தைய கேக்கத்தான் நான் வேலைக்கே போறேன்." அம்மா ஒரு துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். போன வாரம் நஃபீசா அக்கா பார்த்தபோது பச்சையும் மஞ்சளும் ஒரே அளவு. மறுபடி பார்த்தாள், அதே. பச்சைக்குள் குடித்தனக்காரன் இல்லை. எட்டு மாத வேலை. மாடி ஏறி வந்து சித்தியின் தோளில் சாய்ந்து அழுதாளாம். நைட்ரஜன் டப்பாவில் பழைய பச்சை செல்கள் இரண்டு குப்பி உறைந்து கிடக்கின்றனவாம், எடுத்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். நான் அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டேன். இன்னிக்கும் பெருகல. அதை எடுத்துக் கீழே போட்டுவிட்டேன், அதுவும் சிரித்துக்கொண்டே, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

ஒரு கொசு வந்து கைமேல் உட்கார்ந்திருக்கிறது. காலில் வெள்ளை வரி, ஏடிஸ், டெங்குக் கொசு, பகலில் கடிக்கிறது. வளர்ப்பு அறைக்கு மூன்று கதவு, அதையும் தாண்டி வந்துவிட்டதா, இல்லை சாதாரண வெளிக் கொசுவா. உனக்குள் குடித்தனக்காரன் இருக்கிறானா, உனக்கு யாரும் டேப் ஒட்டவில்லையே. அடிக்கக் கை வரவில்லை. வயிறு மெல்லச் சிவந்துகொண்டே வருகிறது, என் ரத்தம்தான், ஆனால் அதற்குள் போனதும் என்னுடையது இல்லை. வைரஸுக்கு வாயும் இல்லை வயிறும் இல்லை என்று சித்தி சொல்லியிருக்கிறாள், எழுதின ஒரு துண்டுச் சீட்டுதான், அந்தச் சீட்டைச் செல்லிடம் நீட்டும், செல் அது தன் முதலாளியின் சீட்டு என்று நினைத்துப் படித்து, கையில் இருக்கிற சொந்த வேலையைப் போட்டுவிட்டு அதன் வேலையைச் செய்யும். சரிங்க சார். உத்தரவு சார். அப்படியானால் நான் எது. நாற்பத்தொரு பேர் என் தொண்டையில் குடியிருக்கிறார்கள் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன், நான் வீடு, அவர்கள் குடித்தனம், அவர்கள் நிறைந்திருந்தால் வேறு ஒன்று உள்ளே வந்து பெருக இடம் இருக்காது, இரண்டு வருஷமாக அப்படித்தான் சமாளித்தேன், ஒரு குரல் ஓய்ந்தால் அடுத்த குரல், பாத்ரூமில்கூட நியூஸ் வாசிப்பேன், தூங்குகிற வரைக்கும் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குச் சீட்டு நீட்டினது நான். வீடு இல்லை, குடித்தனக்காரனும் இல்லை, நான் அந்தச் சீட்டு. கொசு பறந்துவிட்டது. எதிரே போஸ்டர். ஜுரம் இறங்கிய பின் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். வந்ததிலிருந்து முதல் இரண்டு வரியையே படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, ஓயாத வாந்தி. இரண்டு, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு. ஒன்று, ஓயாத வாந்தி. மூன்றாவது வரிக்குப் போகும்போது கண் தானாக பாவாடை அண்ணன் மேஜைக்குப் போய்விடுகிறது. அவர் செய்தித்தாளில் கட்டம் நிரப்பிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு துவானுக்கு ஜுரம் இறங்கிடுச்சு என்று அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து மத்தியானம் சொன்னபோது நாங்கள் எல்லாரும் சிரித்தோம், எதிர்வீட்டு அம்மா மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். இறங்கின பிறகுதான் ஆபத்து என்று எங்களுக்கு யார் சொன்னார்கள், சித்திக்குச் செல் தெரியும், குழந்தை தெரியாது. அந்துவான் என்று பெயர் வைத்து துவான் என்று கூப்பிட்டோம், ஒன்பது வயது. நான் பத்தாவது. சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும், வெளியே மழை, அம்மாவின் நம்பர் அடித்தது. அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள் என்று பிறகு தெரிந்தது, போனை இவன் எடுத்திருக்கிறான். எனக்கு எப்படியோ எடுத்ததுமே அவன் என்று தெரிந்துவிட்டது, மூச்சு வைத்து. எனக்குச் சந்தோஷம், ஜுரம் இறங்கிவிட்டது, நாளை வந்துவிடுவான், அந்தச் சந்தோஷத்தில் உடனே அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள், அந்தப் போன் கம்பெனிப் பெண். "நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் வேறொரு அழைப்பில் இருக்கிறார். தயவுசெய்து சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்." இது எங்கள் பழைய விளையாட்டு, இதைச் சொன்னால் அவன் ட்ரீங் ட்ரீங் என்று காலர் ட்யூன் பாடுவான். பாடவில்லை. மூச்சு. அப்புறம், "வெளையாடாதக்கா." எப்போதும் சொல்கிற வெளையாடாதக்கா இல்லை, அதற்கு வால் இருக்கும், இழுப்பான், இதில் வால் இல்லை. அந்த வித்தியாசம் எனக்குக் கேட்டது. நாற்பத்தொரு குரல் வைத்திருக்கிறவளுக்குக் கேட்காமல் இருக்குமா, கேட்டது, கேட்டும் நான் இங்கிலீஷிலும் சொன்னேன், இந்தியிலும் சொன்னேன், ஏனென்றால் அந்தப் பெண் மூன்று மொழியிலும் சொல்வாள், பாதியில் நிறுத்தினால் குரல் கெட்டுப்போகும். இந்தி முடிவதற்குள் லைன் போய்விட்டது. ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டேன். அம்மா எடுத்தாள். தூங்கறான்டி. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அவன் என்ன சொல்ல வந்தான் என்று தெரியாது. எதுவும் இல்லாமல் இருக்கலாம், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வா என்று சொல்ல வந்திருக்கலாம், என் பேனாவை உடைத்ததை ஒப்புக்கொள்ள வந்திருக்கலாம், ஆரஞ்சு என்றுதான் நான் முடிவு செய்திருந்தேன், இரண்டு வருஷமாக ஆரஞ்சு. மூன்று, கடுமையான வயிற்று வலி. படித்துவிட்டேன். மூன்றாவது வரியைப் படித்துவிட்டேன். கடுமையான வயிற்று வலி, உடனே மருத்துவரிடம் சொல்லவும். அவன் மருத்துவரிடம் சொல்ல மாட்டான், ஊசி போடுவார்கள் என்று பயம். அக்காவிடம்தான் முதலில் சொல்வான். நாற்பத்தொன்றில் துவான் இல்லை. நோட்டில் அவனுக்கு ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன். ஒருநாள் அம்மாவே கேட்டாள், சமையல்கட்டில் யாரும் இல்லாதபோது, முகத்தைப் பார்க்காமல், "ஒரே ஒரு தடவ அவன் மாதிரி கூப்புடேன்டி," என்று. வராது என்றேன். முயற்சி செய்யவே இல்லை. வந்துவிட்டால்?

பதினொன்று முப்பத்தொன்று. கதவுக்கு மேலே ஒரு கையகல இடைவெளி, ஏசி குழாய் போவதற்காக வெட்டியது, அதன் வழியாகச் சத்தம் வருகிறது, சத்தம் என்றால் நான் காதைத் தீட்டினால்தான். ஹ்ர்ர்ம், ஹ்ம். "ஏனுங் அமலோற்பவம், நான் பேசினேன்னு எழுதியிருக்கீங்க. நான் பேசலீங்க. அப்ப யாருங்க பேசினது?" நான் பெஞ்சில் விரலால் எண்ணுகிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, சொல்லு சித்தி, யாரோ பேசினாங்க சார், உங்க குரல்லதான் பேசினாங்க, அதுதானே உண்மை, அதைச் சொன்னால் ஆபரேட்டரை விசாரிப்பார்கள், இன்டர்காமை விசாரிப்பார்கள், செவ்வாய்க்கிழமை மாடிக்கு யார் வந்தது என்று பார்ப்பார்கள். ஒன்பது, பத்து. "யாரும் பேசல சார்," என்கிறாள் சித்தி. "நான்தான் மறதில குப்பிய மாத்தி மருந்து ஊத்திட்டேன். அப்பால பயந்துபோய் சார் சொன்னபடின்னு எழுதிட்டேன்." "எட்டு வருஷத்துல நீங்க ஒரு வரி பொய்யா எழுதினதில்லீங்களே." "அக்கா பையன் போனதுலேருந்து எனக்கு மனசு சரியில்லீங்க சார்." அக்கா பையன். துவானை எடுத்து மேஜைமேல் வைக்கிறாள். அவன் பெயரைச் சொல்லி ஒரு நாள் லீவுகூடக் கேட்காதவள். ஏன் பொய் சொல்கிறாள், எட்டு வருஷம் பொய் எழுதாதவள், பொய் எழுதினேன் என்று பொய் சொல்கிறாள். இன்று காலையில் பஸ் ஸ்டாப்பில். காலேஜ் அப்ளிகேஷனுக்கு போட்டோ எடுக்கணும், ஆபீஸ்ல ஒரு அர மணி நேரம் வேலை இருக்கு, முடிச்சிட்டு அப்படியே போயிடலாம், வா, என்று கூட்டி வந்தாள். பஸ் வர நேரமாயிற்று. சும்மா கேட்கிற மாதிரி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு டிபன் எடுத்தாந்தல்ல, பாவாடை எடத்துல இருந்தாரா?" என்றாள். "இல்ல, டீ குடிக்க போயிருந்தாரு." இவ்வளவுதான் பேச்சு. அப்புறம் என் துப்பட்டாவில் பின் கழன்றிருந்ததைக் கழற்றிச் சரியாகக் குத்தினாள், குத்திவிட்டு அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினாள். பஸ்ஸில் சீட்டு நுனியில் உட்கார்ந்தாள். அப்போதே தெரிந்துவிட்டது. அதற்கும் முன்னாலேயே தெரிந்திருக்கும், நாலு நாளாக நான் ஒரு குரலும் எடுக்காமல் இருந்ததிலேயே தெரிந்திருக்கும், ம், சரி, வேணாம். உக்காரு. வாய மட்டும் தொறக்காத. அது எப்போதும் சொல்வது இல்லை. அது உத்தரவு. அவள் வேலையையும் அந்த ஒரு வார்த்தையையும் சேர்த்து என் வாய்க்குக் காவல் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். சரிங்க சித்தி என்று உட்கார்ந்திருந்தால் போதும். இன்னும் ஐந்து நிமிஷம். கதவு திறக்கும், போட்டோ எடுக்கப் போவோம், தலையைக் கொஞ்சம் நிமித்துமா என்பான் போட்டோக்காரன், சித்தி நாளையிலிருந்து வீட்டில் இருப்பாள், யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள், இது இன்னொரு ஆரஞ்சாக என்னோடு இருக்கும். எனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். பகலில் ஒன்றும் செய்யாது. யாராவது கூப்பிட்டு நான் போனை எடுக்கப் போகிறபோது, எடுப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு கேட்கும்.

எழுந்துவிட்டேன். கதவுக்கு நாலு அடி. தட்டக் கை போகிறது, விரல் மடங்குகிறது, பலகையில் டாக்டர் வேதாசலம், கை நிற்கிறது. தட்டினால் சித்திதான் முதலில் திரும்பிப் பார்ப்பாள், அந்தப் பார்வையில் நான் உட்கார்ந்துவிடுவேன். திரும்புகிறேன். பாவாடை அண்ணன் நிமிர்கிறார். "இன்னா பாப்பா, ஒரே அமைதியா கீற? ஆண்டு விழாக்கு வந்தப்ப பெரிய டாக்டர் மாதிரி பேசிக் காட்னியே, சிரிச்சி சிரிச்சி எனுக்கு வயிறே நொந்துபோச்சி. எங்க, ஒரு தடவ உடு." அவர் சொன்னதுமே தொண்டைக்குள் ஆள் நகர்கிறது, நாலு நாளாக எங்கே இருந்தார்களோ, எல்லாரும் ஒரே நேரத்தில் படியேறி வருகிறார்கள், டாக்டர் இருமிக்கொண்டு, மதர் அன்புள்ள மாணவிகளே என்றுகொண்டு, மீன்காரம்மா கூடையோடு. இவர்களில் யாராவது ஒருத்தர் பேசினால் போதும், எவ்வளவு சுலபம், சாமியார் குரலில் சொன்னால் மன்னிப்பே கிடைத்துவிடும். "இன்னிக்கு கடை லீவுண்ணே," என்கிறேன். "இன்டர்காம் ஒரு நிமிஷம் குடுங்க." அவர் சிரித்துக்கொண்டே மேஜையின் இந்தப் பக்கம் தள்ளுகிறார், வேடிக்கை பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். தாளில் டாக்டர் நம்பர், இருநூற்று ஒன்று. இந்தக் கருவியில் சொன்னதை இந்தக் கருவியில்தான் எடுக்க வேண்டும் என்று ஏன் தோன்றுகிறது, தெரியவில்லை. ரிசீவரில் யாரோ பூசின தலைவலி மருந்து வாசனை. அடிக்கிறது. கதவுக்குப் பின்னாலும் அடிக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே மணி, இந்தக் காதில் சின்னது, அந்தக் காதில் பெரிது. எடுத்துவிட்டார். ஹ்ர்ர்ம், ஹ்ம். "ஹலோ." நான் மூச்சு விடுகிறேன். என் மூச்சு எனக்கே ரிசீவரில் திரும்பிக் கேட்கிறது, சின்ன மூச்சு, ஈரமாக. "ஹலோ, யாருங்க?" ஒதுங்காதே. ஜன்னல் பக்கம் நகராதே. வாயைத் திறக்கிறேன், என்ன வரும் என்று தெரியாமல்தான் திறக்கிறேன். "எஸ்தேல் பேசறேன் சார்." இது யார். இவ்வளவு மெல்லிசாக, மேலே போகும்போது லேசாகக் கீறிக்கொண்டு. "அமலோற்பவம் சித்தியோட அக்கா பொண்ணு. அன்னிக்கி செவ்வாக்கிழம பச்சை டேப் குப்பிக்கு மருந்து ஊத்தச் சொன்னது நான்தான் சார். உங்க குரல்ல. சித்தி ரிஜிஸ்டர்ல எழுதினது உண்ம. இப்ப அவங்க சொல்றதுதான் பொய்." நாற்பத்தொன்றில் இந்தக் குரல் இல்லை, இதை நான் எடுத்ததே இல்லை, ஆனால் எனக்குத் தெரியும், எங்கேயோ மிகவும் பக்கத்தில் கேட்டிருக்கிறேன், பக்கத்துப் பாயில், பிஸ்கட் நீட்டும்போது, அதே கீறல், ஒரே வயிற்றில் பிறந்த தொண்டை. அவன் பக்கம் காலியாகவே இருக்கட்டும். பாவாடை அண்ணன் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ரிசீவரில் டாக்டர் மூச்சு, அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி தேய்கிற சத்தம், கதவு வழியாக அதே சத்தம் அரை நொடி பிந்தி, சித்தி எழுந்துவிட்டாள், நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். "ஏனுங்," என்கிறார் அவர், கோபமா சந்தேகமா தெரியவில்லை, "யாருங்க இது, வெளையாடறீங்களா?"

"வெளையாடல சார்," என்கிறேன். கதவு திறக்கிறது. "வெளையாடல."